300 கி.மீ வேகக் காரை நிறுத்தும் வீட்டு ரேம்ப்! சூப்பர் காருக்கும் சக்கர நாற்காலிக்கும் ஒரே கணக்கு

மணிக்கு 300 கிலோமீட்டர் வேகத்தைத் தொடக்கூடிய கார் அது. ஆனால், சொந்த வீட்டு கேட்டுக்கு வெளியே, நடக்கிற வேகம்கூட இல்லாமல் அப்படியே நிற்கிறது. டிரைவர் சீட்டில் இருப்பவர் கண்ணாடியை இறக்கித் தலையை வெளியே நீட்டுகிறார். வாட்ச்மேன் கையில் டார்ச் லைட்டோடு தரையில் குனிந்து காரின் மூக்குக்கு அடியில் பார்க்கிறார். "வரலாம் சார்... வரலாம்... மெதுவா... நில்லுங்க, நில்லுங்க!" அதற்குள் 'கர்ர்ர்க்' என்று ஒரு சத்தம். பின்னால் வந்த ஆட்டோக்காரர் ஹாரனை அழுத்துகிறார். எதிர்வீட்டு மாடியில் ஒரு மொபைல் வீடியோ எடுத்துக்கொண்டிருக்கிறது.

நம் ஊர்த் தெருக்களில் சூப்பர் கார் வைத்திருப்பவர்கள் எல்லோருக்கும் பழகிப்போன காட்சி இது. கார் வாங்கும்போது நிறம், சீட் தையல், அலாய் வீல் என்று நூறு விஷயங்களை யோசிப்பவர்கள்கூட, ஒரு விஷயத்தை மட்டும் மறந்துவிடுகிறார்கள். வாசலில் இருக்கும் ரேம்ப்!

'கோடீஸ்வரர்களின் கவலை நமக்கெதற்கு?' என்று நகர்ந்துவிட வேண்டாம். அந்த ரேம்ப்பில் ஸ்விஃப்ட்டும் தட்டுகிறது, ஸ்கூட்டரும் வழுக்குகிறது, பாட்டியும் தடுமாறுகிறார். சூப்பர் கார் தாழ்வாக இருப்பதால் அந்தத் தவறை முதலில் காட்டிக்கொடுக்கிறது, அவ்வளவுதான்.

ஏன் இவ்வளவு தாழ்வு?

சாதாரணக் குடும்பக் காரான ஆல்டோ 800-ன் கிரவுண்ட் கிளியரன்ஸ் 160 மில்லி மீட்டர். ஸ்விஃப்ட்டுக்கு 163. அதாவது, காரின் வயிற்றுக்கும் தரைக்கும் நடுவே 16 சென்டி மீட்டருக்குச் சற்று அதிகமான இடைவெளி. சூப்பர் கார்களில் இது 11, 12 செ.மீ என்று சுருங்கிவிடும். அரை ஜாண் என்று வைத்துக்கொள்ளலாம்.

காரின் மொத்த உயரமும் அப்படித்தான். லம்போர்கினி ஹுராகன் 116.5 செ.மீ உயரம்தான். பெரியவர் ஒருவர் பக்கத்தில் நின்றால் கூரை அவர் நெஞ்சைக்கூட எட்டாது. இதற்கெல்லாம் முன்னோடி, ஃபோர்டு ஜிடி40. பெயரில் இருக்கும் 40 என்பது அதன் உயரம். 40 அங்குலம், அதாவது 101.6 செ.மீ. வீட்டில் இருக்கும் டைனிங் டேபிளைவிட ஒரு அடிகூட உயரமில்லை! 1966-ல் பிரான்ஸின் லே மான் 24 மணி நேரப் பந்தயத்தில் முதல் மூன்று இடங்களையும் பிடித்த கார் அது.

தாழ்வாகச் செய்வது ஸ்டைலுக்காக மட்டும் அல்ல. கார் உயரமாக இருந்தால் எதிர்காற்றை அதிகமாக முட்டித் தள்ள வேண்டும். எடை மேலே இருந்தால் வளைவில் சாயும். அதைவிட முக்கியம், காருக்கு அடியில் ஓடும் காற்று. தரைக்கும் காருக்கும் இடையே உள்ள குறுகிய சந்தில் காற்று வேகமாகப் பாயும்போது அங்கே அழுத்தம் குறையும். மேலே இருக்கும் காற்று காரைச் சாலையோடு சேர்த்து அமுக்கும். டயருக்குப் பிடிமானம் கூடும். ஃபார்முலா 1-ல் இந்த வித்தையைக் கையில் எடுத்துக்கொண்டு வந்த லோட்டஸ் 79 காரில்தான் 1978-ல் மரியோ ஆண்ட்ரெட்டி உலக சாம்பியன் ஆனார்.

ஆக, அந்த அரை ஜாண் இடைவெளி காரின் குறை அல்ல; அதன் உயிர்நாடி. 'ஸ்பிரிங்கை மாத்தி ரெண்டு இன்ச் தூக்கிடலாமே' என்று மெக்கானிக் சொன்னால் கேட்டுவிடக் கூடாது. 250 கி.மீ வேகத்தில் கார் எப்படி நடந்துகொள்ளும் என்ற கணக்கே மாறிவிடும்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. லம்போர்கினியைத் தொடங்கிய ஃபெரூச்சியோ லம்போர்கினி, முதலில் டிராக்டர் செய்தவர். 1948-ல் டிராக்டர் கம்பெனி, 1963-ல்தான் கார் கம்பெனி. அவருடைய டிராக்டர் ஏறாத வரப்பு இருக்காது. அவர் பெயரில் வரும் கார், வீட்டு வாசலில் ஏறத் திணறுகிறது!

தட்டுவது எங்கே?

'எண் சாண் உடம்புக்குச் சிரசே பிரதானம்' என்பார்கள். சூப்பர் காருக்கு மூக்கு. முன் சக்கரத்துக்கு முன்னால் ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளத்துக்கு நீண்டிருக்கும் பகுதி அது. அதன் அடியில் பலகைபோல இருக்கும் உதட்டை ஸ்பிளிட்டர் என்கிறார்கள். பல கார்களில் இது கார்பன் ஃபைபர். எடை குறைவு, உறுதி அதிகம். ஆனால், தகரம்போல நசுங்கி மறுபடி தட்டி எடுக்கும் பொருள் அல்ல. அடிபட்டால் விரியும், உடையும்.

ரேம்ப்பில் இரண்டு இடங்களில் ஆபத்து இருக்கிறது. சாலை முடிந்து சரிவு தொடங்கும் அடிமுனையில் மூக்கு தட்டும். சரிவு முடிந்து சமதளம் தொடங்கும் மேல்முனையில் வயிறு தட்டும். 'ரிவர்ஸில் ஏற்றினால் தப்பிக்கலாமே' என்று சிலர் நினைப்பதுண்டு. எப்படி எடுத்தாலும் அதே மூக்கு அதே முனையைக் கடந்துதான் ஆக வேண்டும்.

பள்ளிக்கூடக் கணக்கைக் கொஞ்சம் நினைவுபடுத்திக்கொண்டால் எல்லாம் புரிந்துவிடும். உதாரணத்துக்கு ஒரு கார். மூக்கின் அடிப்பகுதி தரையிலிருந்து 11 செ.மீ. முன் சக்கரத்தின் மையத்திலிருந்து மூக்கு நுனி வரை ஒரு மீட்டர்.

ரேம்ப்பின் சரிவு 1:8 என்று வைத்துக்கொள்வோம். எட்டு அடி போனால் ஒரு அடி ஏறும் சரிவு. ஒரு மீட்டர் தூரத்தில் 12.5 செ.மீ ஏறிவிடும். முன் சக்கரம் ரேம்ப்பின் அடியைத் தொடும்போது, மூக்கு ஒரு மீட்டர் உள்ளே போயிருக்கும். அங்கே தரை 12 செ.மீ-க்கு மேல் உயர்ந்திருக்கும். மூக்கின் உயரமோ 11. 'கர்ர்ர்க்!'

பார்வைக்கு 1:8 ஒன்றும் செங்குத்தாகத் தெரியாது. வெறும் 7 டிகிரி. நம் தெருக்களில் கொத்தனார் கண்ணளவில் போட்டுவிட்டுப் போகும் பல ரேம்ப்கள் 1:5-ஐத் தாண்டி நிற்பவை. அதில் ஒரு மீட்டருக்கு 20 செ.மீ ஏற்றம்.

மேல்முனைக்கும் கணக்கு உண்டு. முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவே 2.6 மீட்டர், வயிற்றின் உயரம் 12 செ.மீ என்றால், அந்தக் கார் சுமார் பத்தரை டிகிரி முறிவைத்தான் தாண்டும். 1:5 ரேம்ப்பின் மேல்முனையில் 11 டிகிரிக்கு மேல் முறிவு. முன் சக்கரம் மேலே, பின் சக்கரம் கீழே, வயிறு முனையில். தராசுபோல உட்கார்ந்துகொள்ளும்.

இதோடு சாலையின் சாய்வையும் கூட்டிக்கொள்ள வேண்டும். மழைநீர் ஓரத்துக்கு வடிவதற்காகச் சாலையை நடுவில் உயர்த்தி, ஓரத்தில் தாழ்த்திப் போடுவார்கள். ஒரு மீட்டருக்கு 2 செ.மீ அளவு. கார் அந்தப் பள்ளத்தில் இறங்கி, பிறகு ரேம்ப்பில் ஏறும்போது இரண்டு சாய்வும் சேர்ந்துகொள்கின்றன.

விதிப்படி கட்டிய வேகத்தடை தட்டாது!

'வாசல் இருக்கட்டும், ஸ்பீடு பிரேக்கரை என்ன செய்வது?' என்று கேட்கலாம். இந்தியச் சாலைப் பேரவையின் வழிகாட்டுதலைப் பார்த்தால் ஓர் ஆச்சர்யம் இருக்கிறது. பொதுச் சாலையில் போடும் வட்ட வடிவ வேகத்தடைக்கு 10 செ.மீ உயரம், 3.7 மீட்டர் அகலம் என்று அது அளவு சொல்கிறது. சுமார் 25 கி.மீ வேகத்தில் வண்டிகள் கடப்பதற்கான அளவு.

3.7 மீட்டர் என்பது ஒரு சின்னக் காரின் நீளத்தைவிட அதிகம். அவ்வளவு அகலத்தில் 10 செ.மீ மட்டும் உயர்ந்தால் அது மெத்தென்ற மேடு. நம் உதாரணக் காரின் முன் சக்கரம் அதன் விளிம்பைத் தொடும்போது மூக்கின் கீழே தரை சுமார் 8 செ.மீ உயர்ந்திருக்கும். மூக்கு 11-ல் இருக்கிறது. தட்டாது. மேடு வயிற்றுக்குக் கீழே வரும்போது இரண்டு சக்கரங்களும் மேட்டின் மேலேயே இருப்பதால் வயிறும் தப்பிவிடும்.

தட்டுவதெல்லாம், ராத்திரியோடு ராத்திரியாகத் தெருவில் முளைக்கும் ஒரு முழ அகல சிமென்ட் கட்டைகள்தான். அவை சூப்பர் காருக்கு மட்டுமா எதிரி? முதுகுவலிக்காரர் உட்கார்ந்திருக்கும் ஆட்டோவுக்கும், கர்ப்பிணி பின்னால் அமர்ந்திருக்கும் ஸ்கூட்டருக்கும் எதிரிதான்.

கம்பெனிகள் கண்டுபிடித்த வழி

ரேம்ப் பிரச்னை இத்தாலியிலும் அமெரிக்காவிலும் உண்டு. அதனால், இப்போதைய சூப்பர் கார்கள் பலவற்றில் 'ஃபிரன்ட் லிஃப்ட்' என்ற வசதி வருகிறது. ஒரு பட்டனை அழுத்தினால் ஹைட்ராலிக் முறையில் காரின் முன்பக்கம் மட்டும் எழும்பும். வேகம் கூடினால் தானாக இறங்கிவிடும்.

அமெரிக்காவின் செவர்லே கார்வெட் சி8 காரில் இது ஏறக்குறைய 3 விநாடிகளில் 4 செ.மீ உயர்த்தும். மணிக்கு 39 கி.மீ வேகம் வரை வேலை செய்யும். இன்னும் ஒரு படி மேலே போய், 1,000 இடங்களை ஜி.பி.எஸ் மூலம் நினைவில் வைத்துக்கொள்ளும். உங்கள் வீட்டு வாசலை ஒரு முறை சொல்லிக்கொடுத்துவிட்டால், அடுத்த முறை அங்கே வந்ததும் கார் தானாக மூக்கைத் தூக்கிக்கொள்ளும். போர்ஷே 911-லும் 'ஸ்மார்ட்லிஃப்ட்' என்ற பெயரில் இதே வசதி கிடைக்கிறது.

நான்கு சென்டி மீட்டர் பெரிய விஷயமா? நம் கணக்கில் போட்டுப் பாருங்கள். முன் சக்கரத்தில் 4 செ.மீ எழும்பினால், அதற்கு முன்னால் நீண்டிருக்கும் மூக்கு நுனி ஐந்தரை செ.மீ அளவுக்கு எழும்பும். 11 என்பது பதினாறரை ஆகிவிடும். 1:8 ரேம்ப்பில் தாராளமாக ஏறிவிடலாம். ஆனால், 1:5 ரேம்ப்பில் அப்போதும் தட்டும். பட்டன் இருக்கிறது என்பதற்காக எல்லா வாசலிலும் நுழைந்துவிட முடியாது.

பல மாடல்களில் இந்த வசதி தனியாகக் காசு கொடுத்துச் சேர்த்துக்கொள்ளும் பட்டியலில் இருக்கும். செகண்ட் ஹேண்டில் சூப்பர் கார் வாங்குபவர்கள் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான். யானை வாங்கியவர் அங்குசத்துக்குக் கணக்குப் பார்க்கக் கூடாது.

சாலைக்காகவே உயர்ந்து பிறந்த கார்களும் வந்துவிட்டன. 2022-ல் அறிமுகமான லம்போர்கினி ஹுராகன் ஸ்டெராடோ, வழக்கமான ஹுராகனைவிட 44 மி.மீ உயரம். மொத்தம் 1,499 கார்கள் மட்டுமே. அதே ஆண்டு வந்த போர்ஷே 911 டக்கார், ஸ்போர்ட்ஸ் சஸ்பென்ஷன் கொண்ட சாதாரண 911-ஐவிட 50 மி.மீ உயரம், தேவைப்பட்டால் இன்னும் 30 மி.மீ எழும்பும். ஃபெராரியே புரோசாங்குவே என்று நான்கு கதவு வைத்து, 185 மி.மீ கிளியரன்ஸோடு ஒரு காரைக் கொண்டுவந்தது. ஆல்டோவைவிட உயரமான ஃபெராரி!

2002-ல் மைக்கேல் ஷூமாக்கர் கையால் சச்சின் டெண்டுல்கர் பெற்ற ஃபெராரி 360 மொடெனாதான் பல இந்தியக் குடும்பங்கள் பெயர் சொல்லித் தெரிந்துகொண்ட முதல் சூப்பர் கார். அன்று 'வரி கட்டுவது யார்?' என்பது நாடு முழுக்கப் பேச்சு. இன்று சூப்பர் கார் வாங்குபவருக்கு வரியைவிட நெருக்கமான தலைவலி, வாசல்.

ரேஸ் டிராக்கில் இந்தத் தலைவலி கிடையாது. 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் நடிகர் அஜித்குமாரின் அணி, போர்ஷே 992 பிரிவில் மூன்றாம் இடம் பிடித்ததைத் தமிழ்நாடே கொண்டாடியது. அதுபோன்ற ரேஸ் கார்கள் பந்தயத்துக்குப் போவதும் வருவதும் லாரியில். அவற்றுக்கு ஸ்பீடு பிரேக்கர் இல்லை, மழைநீர் வடிகால் மூடி இல்லை, கல்யாண மண்டப வாசல் இல்லை. அதே குடும்பத்தில் பிறந்த ரோட்டுக் கார்களுக்கு இவை எல்லாமே உண்டு.

தினசரிப் பழக்கங்கள்

தாழ்வான காரோடு வாழ்கிறவர்கள் சில பழக்கங்களைக் கற்றுக்கொள்கிறார்கள். இவற்றில் பல, எந்தக் காருக்கும் பொருந்தும்.

முதலாவது, குறுக்காக ஏறுவது. ரேம்ப்பில் நேராக ஏறாமல் 45 டிகிரி கோணத்தில் போனால், கார் சந்திக்கும் சரிவு ஏறக்குறைய 70 சதவிகிதமாகக் குறையும். 1:8 ரேம்ப், 1:11 போல ஆகிவிடும். மலைப்பாதையில் மாடு நேராக ஏறாமல் வளைந்து வளைந்து ஏறுவது இதற்காகத்தான். ஆனால், இதற்குக் கேட் அகலமாக இருக்க வேண்டும். எதிரே வண்டி வருகிறதா என்று பார்க்க ஓர் ஆள் வேண்டும்.

இரண்டாவது, ரேம்ப்புக்கு முன்பே பிரேக் போட்டு முடித்துவிடுவது. பிரேக் மிதிக்கும்போது காரின் மூக்கு அமுங்கும். சரிவின் அடியில் பிரேக் மிதித்தால் இருக்கிற கொஞ்ச இடைவெளியும் போய்விடும். முன்பே நிறுத்தி, மூக்கு நிமிர்ந்த பிறகு ஊர்ந்து ஏற வேண்டும்.

மூன்றாவது, போகும் இடத்தை முன்கூட்டியே பார்ப்பது. புது ஹோட்டல், மாலின் பேஸ்மென்ட், உறவினர் வீடு என்று எங்கே போனாலும் ஒரு போன் போட்டு 'ரேம்ப் எப்படி?' என்று கேட்பது, முடிந்தால் போட்டோ அனுப்பச் சொல்வது. பெட்ரோல் பங்க்கூட 'ஏறக்கூடியது, ஏறக்கூடாதது' என்று மனப்பாடம் ஆகிவிடும்.

நான்காவது, இழுவை வண்டியைக் கவனமாகக் கூப்பிடுவது. கார் வழியில் நின்றுவிட்டால், மூக்கைத் தூக்கி இழுக்கும் வண்டி கூடாது. முழு காரும் மேலே ஏறி நிற்கும் தட்டையான வண்டிதான் வேண்டும். அதன் பலகையும் சரிவாகத்தான் இறங்கும் என்பதால், சக்கரத்துக்கு அடியில் வைக்க மரக்கட்டைகள் இருக்கின்றனவா என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஐந்தாவது, சாவியை இன்னொருவர் கையில் கொடுக்கும்போது சொல்லிக்கொடுப்பது. ஹோட்டல் வேலட் பையனுக்கோ, வீட்டு டிரைவருக்கோ லிஃப்ட் பட்டன் எங்கே இருக்கிறது என்று காட்டாமல் சாவியைத் தூக்கிப் போட்டுவிட்டு, திரும்பி வந்து கீறலைப் பார்த்துக் கத்துவது நியாயம் இல்லை. டார்ச் அடித்து வழி சொன்ன வாட்ச்மேன் தலையில் பழி போடுவதும் அப்படித்தான். அவர் கண்ணளவில் பார்த்துச் சொல்கிறார். அந்த ரேம்ப்பைக் கட்டியவர் அவர் இல்லை.

தெரு யாருடையது?

இத்தனை பழக்கங்களும் சலித்துப்போன ஒரு நாளில், கார் வைத்திருப்பவருக்கு ஓர் யோசனை தோன்றும். 'ரேம்ப்பை இன்னும் நாலடி வெளியே நீட்டிவிட்டால் என்ன?' மேஸ்திரி மறுநாளே ஜல்லியோடு வந்துவிடுவார். பெரிய செலவும் இல்லை.

பிரச்னை அங்கேதான் தொடங்குகிறது. அந்த நாலடி, வீட்டுக்காரருடையது அல்ல. அது நடைபாதை, அல்லது மழைநீர் வடிகால், அல்லது சாலையின் ஓரம். ரேம்ப் வெளியே நீண்டால் நடந்து போகிறவர்கள் சாலைக்கு இறங்க வேண்டும். பள்ளிக்கூடம் விட்டு வரும் குழந்தையும், வாக்கிங் போகும் தாத்தாவும் வண்டிகளுக்கு நடுவே இறங்குகிறார்கள். வடிகாலுக்குத் தண்ணீர் இறங்கும் வாய் அடைபட்டால், ஐப்பசி மழையில் தெருவே குளமாகும். கோடி ரூபாய்க் காருக்காகக் கட்டிய ரேம்ப், பக்கத்து வீட்டு ஹாலுக்குள் தண்ணீரை அனுப்பும். அந்தத் தண்ணீரில் முதலில் மூழ்குவதும் தாழ்வான கார்தான்!

ஒரு தெருவில் ஒருவர் நீட்டினால் அடுத்தவரும் நீட்டுவார். பிறகு, அந்தத் தெருவில் நடைபாதை என்பது ஏறி இறங்கும் மேடுகளின் வரிசை. சக்கர நாற்காலியில் வருபவர் அந்தத் தெருவைக் கடக்கவே முடியாது.

வீட்டுக்காரர் மேல் மட்டும் குறை சொல்லவும் முடியாது. பழைய தாரின் மேலேயே புதுத் தாரைப் போட்டுப் போட்டு, பல தெருக்களில் சாலை வீட்டைவிட உயர்ந்துவிட்டது. பத்து வருடங்களுக்கு முன்பு படியேறிப் போன வீட்டுக்கு இன்று இறங்கிப் போக வேண்டியிருக்கிறது. பயந்துபோனவர்கள் புது வீட்டின் தரையை மூன்று அடி, நான்கு அடி என்று உயர்த்திக் கட்டுகிறார்கள். உயரம் கூடக் கூட ரேம்ப் செங்குத்தாகிறது. 2021 மே மாதம், அன்றைய தலைமைச் செயலாளர் வெ.இறையன்பு, பழைய தார்ப்பரப்பைச் சுரண்டி எடுத்த பிறகே புதிய சாலை போட வேண்டும் என்று அறிவுறுத்தியது இதனால்தான். உங்கள் தெருவில் சாலை போடும் வண்டி வந்தால், 'சுரண்டினீர்களா?' என்று கேட்கும் உரிமை ஒவ்வொரு வீட்டுக்கும் உண்டு.

பாட்டிக்குச் சரி என்றால் காருக்கும் சரி

அப்படியானால் ரேம்ப் எப்படி இருக்க வேண்டும்? இதற்கு விடை சூப்பர் கார் புத்தகத்தில் இல்லை. சக்கர நாற்காலிக்கான ரேம்ப் விதியில் இருக்கிறது.

சக்கர நாற்காலி ஏறுவதற்கு உலகம் முழுக்க வழக்கத்தில் இருக்கும் சரிவு 1:12. பன்னிரண்டு அடிக்கு ஒரு அடி ஏற்றம். ஒரு மீட்டருக்கு 8.3 செ.மீ. இதை நம் காரின் கணக்கில் வைத்துப் பாருங்கள். மூக்கின் உயரம் 11. தரை ஏறுவது 8.3. தட்டாது! சாலை ஓரச் சாய்வின் 2 செ.மீ-யைச் சேர்த்தாலும் 10.3. அப்போதும் மயிரிழையில் தப்பிவிடும். லிஃப்ட் பட்டன்கூடத் தேவையில்லை. மேல்முனையில் முறிவு 5 டிகிரிக்கும் குறைவு என்பதால் வயிற்றுக்கும் பயம் இல்லை.

பாட்டியின் சக்கர நாற்காலியை ஒருவர் சிரமமில்லாமல் தள்ளிக்கொண்டு போகக்கூடிய ரேம்ப்பில், லம்போர்கினியும் சத்தம் இல்லாமல் ஏறும். இரண்டுக்கும் ஒரே கணக்கு.

இதற்கு இடம் வேண்டும் என்பது உண்மைதான். வீட்டின் தரை சாலையைவிட 30 செ.மீ உயரம் என்றால் ரேம்ப்புக்கு 3.6 மீட்டர் நீளம். 60 செ.மீ என்றால் 7.2 மீட்டர். அந்த நீளத்தைக் கேட்டுக்கு உள்ளே எடுக்க வேண்டும். வீடு கட்டும்போதே கார் நிற்கும் இடத்தை மட்டும் வீட்டுத் தரையைவிடத் தாழ்த்திக்கொண்டால், ரேம்ப்பின் நீளம் பாதியாகக் குறைந்துவிடும். வீட்டுக்குள் ஏற இரண்டு படி கூடும், பக்கத்திலேயே ஒரு சின்னக் கைப்பிடிச் சுவரோடு நாற்காலிக்கான பாதை வைத்துவிடலாம்.

இடம் போதாதவர்களுக்கு இன்னொரு வழி. சரிவை ஒரே கோடாகப் போடாமல் மூன்று துண்டாகப் போடுவது. அடியில் ஒன்றரை மீட்டர் 1:16, நடுவில் 1:8, மேலே மறுபடி ஒன்றரை மீட்டர் 1:16. தட்டுகிற இரண்டு முனைகளும் மழுங்கிவிடும். 60 செ.மீ உயரத்தை இப்படி 6.3 மீட்டரில் ஏறிவிடலாம். ஏறக்குறைய ஒரு மீட்டர் மிச்சம். ஆனால், நடுவில் 1:8 இருப்பதால் இது காருக்கு மட்டும்தான். நாற்காலிக்குத் தனிப் பாதை வேண்டும்.

ஏற்கெனவே கட்டிய ரேம்ப்பை இடிக்க முடியாதவர்களுக்கு, எடுத்து வைக்கக்கூடிய ரப்பர் அல்லது மரப் பலகைகள் இருக்கின்றன. கார் ஏறும்போது ரேம்ப்பின் அடியில் சக்கரம் வரும் இடத்தில் வைத்துவிட்டு, ஏறியதும் எடுத்துவிடலாம். இரண்டு நிமிட வேலை. தெருவை நிரந்தரமாக மறிப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

வீட்டிலேயே அளந்து பாருங்கள்

உங்கள் வாசல் சரிவு எவ்வளவு என்று தெரிந்துகொள்ள இன்ஜினீயர் வேண்டாம். ஒரு மீட்டர் நீளமுள்ள நேரான மரச்சட்டம் ஒன்று, டேப் ஒன்று, கையில் இருக்கும் மொபைல் போதும். பல மொபைல்களில் மட்டம் பார்க்கும் ஆப் இருக்கிறது. இல்லையென்றால் கொத்தனாரின் ரசமட்டம்.

சட்டத்தின் ஒரு முனையை ரேம்ப்பின் மேல்பக்கம் வையுங்கள். மறுமுனையைச் சாலைப் பக்கம் நீட்டி, சட்டம் மட்டமாக இருக்கும்படி பிடியுங்கள். மறுமுனைக்கும் தரைக்கும் இடையே எத்தனை சென்டி மீட்டர் என்று அளந்துகொள்ளுங்கள்.

8 செ.மீ வரை வந்தால் நல்ல ரேம்ப். சூப்பர் கார், நாற்காலி, ஸ்கூட்டர் எல்லாவற்றுக்கும் சரி. 12 வந்தால், சாதாரணக் கார்களுக்குப் பிரச்னை இல்லை. தாழ்வான காருக்கு லிஃப்ட் வேண்டும். 16-ஐத் தாண்டினால், லிஃப்ட் இருந்தும் தட்டலாம். முழுக் குடும்பத்தையும் ஏற்றிக்கொண்டு வரும் சின்னக் காரும் சில நாள் தட்டும். 20 என்றால், மழை நாளில் பைக்கில் இறங்கும் உங்கள் பிள்ளையை நினைத்தாவது மேஸ்திரியைக் கூப்பிட வேண்டும்.

சூப்பர் கார் புக் செய்யப் போகிறவர் ஷோரூமுக்குக் கிளம்பும் முன் செய்ய வேண்டிய முதல் வேலை இது. காரே இல்லாதவரும் செய்து பார்க்கலாம். முட்டி வலிக்கிறது என்று வீட்டுப் பெரியவர்கள் வெளியே வரவே யோசிப்பதற்குக் காரணம், சில நேரம் முட்டியில் இல்லை, வாசலில் இருக்கிறது. சட்டத்தின் முனைக்கும் தரைக்கும் நடுவே உள்ள அந்த சென்டி மீட்டர் கணக்கு அதைச் சொல்லிவிடும்.